மலையிறங்கும் மிதிவண்டி: கொரியாவின் ஜொங்சொன் இருப்புப்பாதை

இரயில் ஓட்டம் நின்றுபோன ஓர் இருப்புப்பாதைக்கு வழக்கமாக இரண்டு முடிவுகளே நேர்கின்றன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு ஏலம் போக, அவை கிடந்த மண்மேடு சில ஆண்டுகளிலேயே சாலையாகவோ வயலாகவோ வீட்டுமனையாகவோ மாறிவிடுவது ஒன்று; பெயர்க்கும் செலவைக்கூட எவரும் ஏற்க முன்வராமல், ஜல்லிக்கிடையே முட்செடி முளைத்து, கட்டைகள் உளுத்து, பாதை சென்ற தடமே புதருக்குள் மறைந்துபோவது மற்றொன்று. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழியொன்று கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் பரவி, அண்மையில் அமெரிக்காவையும் எட்டியிருக்கிறது. தண்டவாளத்தைக் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்து, அதன்மேல் எஞ்சின் இல்லாத, காலால் மிதித்து ஓட்டும் சிறு வண்டிகளை விட்டு, ஆறும் மலையும் காடும் பார்த்துக்கொண்டே மக்கள் சென்றுவர இடமளிப்பதே அவ்வழி. ஜெர்மானியர் இவ்வண்டியை டிரைசினே என்றும், பிரெஞ்சுக்காரர் வெலோ ரெய் என்றும், கொரியர் ரெயில் பைக் என்றும் அழைக்கின்றனர். தமிழில் தண்டவாள மிதிவண்டி எனலாம்.

இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதி ஒதுக்குவோர் உண்டு. பயணிகள் இன்பத்துக்காகத்தான் வருகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டின் முதன்மையான பயன் பயணிக்குக் கிடைக்கும் இன்பமன்று, பாதை பிழைத்துக் கிடப்பதே என்பது இச்சொற்பொழிவின் துணிபு. பெயர்க்கப்பட்ட பாதை பெரும்பாலும் மீண்டு வருவதில்லை. கிடக்கும் பாதைக்கு மட்டுமே மறுவாழ்வு என்ற ஒன்று மிஞ்சியிருக்கும். தென்கொரியாவின் கங்வொன் மாநிலத்தில் ஜொங்சொன் என்னும் மலைவட்டத்தில் நிகழ்ந்தது இத்துணிபை விளக்க ஏற்ற சான்றாகும்.

மனித உடலின் ஆற்றலைச் சக்கரத்தில் ஏற்றும் எண்ணமும் இருப்புப்பாதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1817 ஜூன் 12 அன்று கார்ல் டிரைஸ் என்னும் ஜெர்மானியர், மிதிகட்டை இல்லாமல், காலால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டுச் சென்றது சைக்கிளின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பிற்காலத்தில் தண்டவாளத்தில் ஓடும் மனித ஆற்றல் வண்டியொன்றையும் அவர் அமைத்தார். அதனால்தான் இருப்புப்பாதைப் பராமரிப்புக்கான சிறு வண்டிகளுக்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவர் பெயரே நிலைத்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெஃபீல்டு மூன்று சக்கரத் தண்டவாள வண்டியொன்றுக்கு 1879இல் காப்புரிமை பெற்றார். ஒரு தண்டவாளத்தில் இரு சக்கரமும், எதிர்த் தண்டவாளத்தில் நீண்ட கையொன்றின் முனையில் ஒரு சிறு சக்கரமுமாக, ஒற்றை ஆள் ஏறிச் சென்று பாதையைச் சோதிக்கவும், வேலை முடிந்ததும் தூக்கி ஓரமாக வைக்கவும் ஏற்ற வண்டி அது. இந்திய இருப்புப்பாதைகளில் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான் தள்ளு டிராலி. பாதை ஆய்வாளர் குடைநிழலில் அமர்ந்திருக்க, டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடித் தள்ளி, வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்ளும் காட்சியைத் தமிழகத்தின் சிறு நிலையங்களை அறிந்தோர் பலர் கண்டிருப்பர். இன்று உல்லாசத்துக்கு உரியதாகிவிட்ட இவ்வண்டியின் முன்னோர் அனைவரும் கடுமையாக உழைத்த வேலைக்கார வண்டிகளே என்பது மறக்கத்தக்கதன்று.

இன்றைய வண்டி அமைப்பில் எளியது. இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு அல்லது நான்கு இருக்கைகள், இருக்கைதோறும் ஒரு சோடி மிதிகட்டை, அவற்றிலிருந்து அச்சுக்குச் செல்லும் சங்கிலி, கைக்கெட்டும் இடத்தில் தடைக்கோல், அதாவது இழுத்தால் சக்கரத்தை இறுகப் பற்றி நிறுத்தும் பிரேக் கைப்பிடி, இவ்வளவே அதன் உறுப்புகள். திருப்புவதற்கு ஹேண்டில்பார் கிடையாது. சக்கரத்தின் உட்புற ஓரத்தில் தண்டவாளத்துக்குக் கீழே இறங்கி நிற்கும் விளிம்பு ஒன்று உண்டு. வண்டி பக்கவாட்டில் நழுவாமல் காப்பது அவ்விளிம்பே. ஆகவே ஓட்டுபவர் கண்ணைப் பாதையில் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், முன் வண்டியோடு இடைவெளி காப்பது ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். மீதிக் கவனம் முழுவதையும் ஆற்றுக்கும் மலைக்கும் தரலாம். சாலையில் சைக்கிள் ஓட்டுவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. பார்வை குன்றியவரும், சமநிலைப் பயிற்சி இல்லாத குழந்தையும், சைக்கிளே ஓட்டக் கல்லாத முதியவரும் தம் குடும்பத்தாரோடு ஒரே வண்டியில் அமர்ந்து மிதிக்க முடிகிறது.

இத்தனை பாரமான இரும்பு வண்டியை நான்கு பேர் காலால் நகர்த்துவது எங்ஙனம் என்பதற்கு இயற்பியல் விடை தருகிறது. சக்கரம் உருளும்போது அதுவும் அதன் கீழுள்ள பரப்பும் சிறிதளவு அமுங்கி மீள்கின்றன. அவ்வாறு அமுங்கி மீள்வதில் வீணாகும் ஆற்றலே உருளல் தடை எனப்படும். ரப்பர் டயர் தார்ச்சாலையில் மிகுதியாக அமுங்கும்; எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் மிகச் சிறிதே அமுங்கும். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 500 கிலோ என்றும், சங்கிலி, அச்சு ஆகியவற்றின் உராய்வையும் சேர்த்துத் தடை எடையில் ஆயிரத்தில் மூன்று பங்கு என்றும் கொண்டால், சமதரையில் அதை நகர்த்திக்கொண்டே செல்ல ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 60 வாட் ஆற்றல் செலவாகும். உடல்நலமுள்ள ஒருவர் அதிகம் மூச்சிரைக்காமல் தொடர்ந்து தரக்கூடியது 75 வாட் என்று கொள்ளலாம் என்பதால், நால்வரில் ஒருவர் மிதித்தாலே வண்டி ஓடும். ஆனால் பாதை 100 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டும் உயர்ந்தாலும் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. அந்த ஏற்றத்துக்கென்று மட்டும் இன்னும் ஐந்து கிலோ விசை தேவைப்பட, செலவாகும் ஆற்றல் 60 வாட்டிலிருந்து 260 வாட்டுக்கு மேல் ஏறி, நால்வரும் வியர்க்க மிதித்தால்தான் அதே வேகம் கிட்டும் என்ற நிலை வந்துவிடும். கண்ணுக்குச் சமதளமாகவே தோன்றும் சாய்வு அது. கால் மட்டும் அதை உடனே அறிந்துகொள்ளும்.

இறக்கத்தில் இதே கணக்கு தலைகீழாகிறது. அதே சாய்வில் ஐந்து கிலோ விசை வண்டியை முன்னால் தள்ள, ஒன்றரைக் கிலோ மட்டுமே அதை எதிர்ப்பதால், மிதிக்காமலே வண்டி வேகம் பிடிக்கும். அப்போது வேலை மிதிகட்டையிலிருந்து தடைக்கோலுக்கு மாறிவிடுகிறது. உருளல் தடையைக் குறைக்கும் அந்த எஃகின் வழவழப்பே பிடிப்பையும் குறைப்பதால், மழை நனைத்த தண்டவாளத்திலும், இலையுதிர் காலத்துச் சருகு நசுங்கிய தண்டவாளத்திலும் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் மிகும். வண்டிகளுக்கிடையே இடைவெளி விட வேண்டும் என்று புறப்படுமுன் வற்புறுத்தப்படுவதன் காரணம் இதுவே. நல்ல தண்டவாள மிதிவண்டிப் பாதை என்பது இறங்குமுகமாகத் தொடங்கி, திரும்பி வருவதற்கு வேறு ஏற்பாடு உடையதாக இருத்தல் வேண்டும். ஜொங்சொன் பாதைக்கு இவ்விரு தகுதிகளும் வாய்த்திருக்கின்றன.

ஜொங்சொன் பெரும்பகுதி மலையும் காடுமாக உள்ள வட்டம். உழுவதற்கேற்ற சமநிலம் அங்கே அரிது. நெடுங்காலம் அவ்வட்டாரத்தின் செல்வம் மரமாக இருந்தது. மலைகளில் வெட்டிய பைன் மரங்களைக் கட்டுமரம்போலப் பிணைத்து, ஹான் ஆற்றின் மேற்கிளைகள் வழியே தலைநகருக்கு மிதக்கவிட்டுக் கொண்டுசெல்வோர் புறப்பட்ட துறைகளில் முதன்மையானது அவுராஜி. சொங்ச்சொன், கொல்ஜிச்சொன் என்னும் இரு ஓடைகள் கூடும் இடம் அது. 1860களில் சோல் நகரின் கியொங்பொக் அரண்மனை மீண்டும் கட்டப்பட்டபோது இம்மலைகளின் மரங்கள் இவ்வழியே சென்றன. கொரியரின் நாட்டுப்பாடலான அரிராங்கின் புகழ்பெற்ற வகைகளுள் ஒன்றான ஜொங்சொன் அரிராங், மரம் கொண்டு சென்றவர்களையும் அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தவர்களையும் பற்றியது. வெள்ளம் பெருகியதால் ஆற்றின் இரு கரைகளில் பிரிந்து நின்ற காதலரின் கதை அவுராஜித் துறையோடு சேர்த்து இன்றும் சொல்லப்படுகிறது. அரிராங் 2012இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

மரத்துக்குப் பின் நிலக்கரி வந்தது. கொரியப் போருக்குப் பிந்தைய தென்கொரியாவில் எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. கங்வொன் மலைகளில் ஆந்த்ரசைட் என்னும் கடினமான, புகை குறைந்த நிலக்கரி மட்டும் இருந்தது. அதைப் பொடித்து, உருளையாக அச்சிட்டு, நெடுகத் துளையிட்டுச் செய்யும் யொன்தான் என்னும் கரிக்கட்டிதான் நாட்டின் அடுப்பையும், ஒன்தொல் எனப்படும் தரைக்கடியில் சூடு பரப்பும் வீட்டு அமைப்பையும் எரியவைத்தது. சோல் நகரம் குளிர்காலத்தில் உறையாமல் இருக்க ஜொங்சொன் மலைக்கடியில் ஆட்கள் இறங்க வேண்டியிருந்தது. அக்கரியை வெளியே கொண்டுவரவே ஜொங்சொன் இருப்புப்பாதை கட்டப்பட்டது. தேபேக் பாதையிலிருந்து பிரிந்து 1967இல் ஜொங்சொன் ஊர் வரையிலும், 1971இல் இன்று அவுராஜி எனப்படும் நிலையம் வரையிலும், 1974இல் குஜொல்ரி வரையிலும் அது படிப்படியாக நீண்டு, மொத்தம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தடமாக முடிந்தது. குஜொல்ரிக்கு அப்பால் பாதை இல்லை. அதுவே கடைசி நிலையம். பயணிகளுக்காகத் திட்டமிட்டிருந்தால் அந்தக் கடைசிப் பகுதி போடப்பட்டிருக்காது என்றே கருத வேண்டும்.

1988இல் தென்கொரியாவின் நிலக்கரி உற்பத்தி 2 கோடியே 40 லட்சம் டன் அளவை எட்டி உச்சம் கண்டது. மறு ஆண்டே, 1989இல், நிலக்கரித் தொழில் சீரமைப்பு என்ற பெயரில் இலாபமற்ற சுரங்கங்களை மூடும் அரசுக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறிக்கொண்டிருந்ததால் யொன்தானுக்குத் தேவை விரைவாகக் குறைந்தது. சில ஆண்டுகளுக்குள் கங்வொன் மலையின் பெரும்பாலான சுரங்கங்கள் அடைபட்டன. 1970களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த ஜொங்சொன் வட்டத்தின் மக்கள் தொகை இன்று 40,000க்கும் கீழே இறங்கிவிட்டது. கரி இல்லாத கரிப்பாதையில் ஓடுவதற்கு மிஞ்சியது பிதுல்கி எனப்பட்ட பயணிகள் இரயில் மட்டுமே. புறா என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்த இரயில் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும், மிகக் குறைந்த கட்டணமுடைய வகை. நாடு முழுவதும் அது படிப்படியாக நிறுத்தப்பட்டு, கடைசி ஓட்டம் 2000 நவம்பரில் இந்த ஜொங்சொன் பாதையிலேயே நிகழ்ந்தது. 2004இல் அவுராஜிக்கும் குஜொல்ரிக்கும் இடைப்பட்ட பகுதியில் இரயில் ஓட்டம் முற்றிலும் நின்றது.

வழக்கமான முடிவு நேர்ந்திருந்தால் இக்கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மறு ஆண்டே, 2005 கோடையில், அதே 7.2 கிலோமீட்டர் தடத்தில் தண்டவாள மிதிவண்டிகள் ஓடத் தொடங்கின. புதிதாகத் தடம் போட வேண்டியிருக்கவில்லை. பாலங்கள் இருந்தன, சுரங்கவழிகள் இருந்தன, நிலையங்கள் இருந்தன. இடைவெளி ஓராண்டாக மட்டும் இருந்ததுதான் இங்கே தீர்மானமாக அமைந்தது எனலாம். பத்தாண்டு கழித்து இந்த எண்ணம் எழுந்திருந்தால், புதர் மண்டிய மேட்டைத் தோண்டி, அரித்துப்போன பாலங்களைச் செப்பனிடும் செலவைக் கேட்ட மாத்திரத்தில் அது கைவிடப்பட்டிருக்கும்.

பயணம் குஜொல்ரியில் தொடங்குகிறது. நிலையத்தின் முன்னே, கழித்துவிடப்பட்ட இரண்டு இரயில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, கால்களும் உணர்கொம்புகளும் பொருத்தி, இணைந்திருக்கும் இரு வெட்டுக்கிளிகளாகச் செய்த உணவகம் நிற்கிறது. வேறு சில பெட்டிகள் இரவு தங்கும் அறைகளாக மாற்றப்பட்டுள்ளன. குறித்த நேரத்தில் வண்டிகள் அனைத்தும் ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக விடப்படுகின்றன; ஒற்றைத் தடத்தில் எதிர்வரவுக்கு இடமில்லை. சொங்ச்சொன் ஓடை ஒரு பக்கமாகக் கூடவே இறங்குகிறது. வண்டி ஓடையைப் பாலங்களில் கடக்கும்போது ஜல்லித்தளம் மறைந்து, கட்டைகளுக்கு இடையே தண்ணீர் நேராகத் தெரிகிறது. இரயில் பெட்டிக்குள் அமர்ந்து செல்பவர் ஒருபோதும் காணாத காட்சி அது. இருக்கைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே அரை மீட்டர் உயரம்கூட இல்லாததால் ஆற்றின் ஓசை சக்கர ஓசையோடு கலந்து காலடியிலேயே எழுகிறது. தண்டவாளத் துண்டுகள் இணையும் இடத்தில், வெயிலில் இரும்பு நீள்வதற்காக விடப்பட்ட சிறு இடைவெளியைச் சக்கரம் தாண்டும்தோறும் ஒரு தட்டல் கேட்கும். நீளத் தண்டவாளங்களைப் பற்றவைத்த புதிய இரயில் பாதைகளில் இந்த ஒலி மறைந்துவிட்டது. சுரங்கவழிக்குள் நுழைந்தவுடன் கோடையிலும் குளிர் தாக்கும். சோள வயலும் உருளைக்கிழங்கு வயலும் மலையடிவாரத்துச் சிறு வீடுகளும் மறுபுறத்தில் மீண்டும் விரியும்.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அவுராஜி வந்துவிடும். அங்கேயும் ஓர் உணவகம் உண்டு. கொரிய ஆறுகளுக்கே உரியதும், அரசால் இயற்கை நினைவுச்சின்னமாகக் காக்கப்படுவதுமான ஒரும்ச்சி என்னும் புள்ளிமீனின் வடிவில் அமைந்தது அது. பயணிகள் இறங்கியதும் வண்டிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட, சிறு இரயில் ஒன்று பயணிகளையும் வண்டிகளையும் சேர்த்து மலையேற்றி மீண்டும் குஜொல்ரிக்குக் கொண்டுபோகிறது. முன்பு கணக்கிட்டுக் காட்டிய அந்த ஐந்து கிலோவை மனிதக் காலுக்கு விடாமல் எஞ்சினுக்கு விட்டதில்தான் இந்த ஏற்பாட்டின் விவேகம் இருக்கிறது. மேலும் கவனிக்க வேண்டியது, அவுராஜிக்குக் கீழே பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது என்பது. 2015இல் ஜொங்சொன் அரிராங் என்ற பெயரில் சுற்றுலா இரயிலும் அவ்வழியே வந்துபோகத் தொடங்கியது. ஆகவே குஜொல்ரிப் பகுதி துண்டாகக் கிடக்கும் பழம்பொருளன்று. இயங்கும் இருப்புப்பாதை ஒன்றின் ஓய்ந்த முனை.

ஜொங்சொன் அடைந்த வரவேற்பைக் கண்டு கொரியாவில் வேறு பல இடங்களும் இதைப் பின்பற்றின. எல்லாம் ஒரே தரத்தன அல்ல. சோலையும் சுன்ச்சொன் நகரையும் இணைத்து 1939இல் திறக்கப்பட்ட பாதைக்குப் பதிலாக 2010 டிசம்பரில் மின்மயமான இரட்டைப்பாதை வந்தபோது, பழைய தடத்தின் ஒரு பகுதி 2012இல் மிதிவண்டிகளுக்குத் தரப்பட்டது. அது தொடங்கும் நிலையத்துக்குக் கிம் யூஜொங் என்னும் சிறுகதை எழுத்தாளரின் பெயர் 2004இல் சூட்டப்பட்டது. கொரியாவில் ஒரு மனிதரின் பெயர் பெற்ற முதல் இரயில் நிலையம் அது. 1908இல் பிறந்து 1937இல், முப்பது வயது நிரம்புமுன்பே மறைந்த அவருடைய கதைகளில் வரும் சிற்றூர் அந்நிலையத்தை ஒட்டியே உள்ளது. எழுத்தாளருக்கு ஓர் இருப்புப்பாதை செய்த இம்மரியாதை போற்றத்தக்கது. ஆனால் அதே பாதையின் சுரங்கவழிகளை வண்ண விளக்குகளாலும் உரத்த இசையாலும் நிரப்பியது போற்றத்தக்கதன்று. சுரங்கவழியின் இருட்டும் குளிரும் சக்கரத்தின் எதிரொலியும் அந்த இடத்துக்கே உரிய செல்வங்கள். நகரத்துக் கேளிக்கை அரங்கில் எப்போதும் கிடைப்பதை இங்கே கொண்டுவந்து அவற்றின் மேல் கொட்டுவது வீண். கிழக்குக் கடற்கரையில் சம்ச்சொக் அருகே 2010இல் திறந்த 5.4 கிலோமீட்டர் இரட்டைத் தடம் பைன் தோப்பையும் அலைகளையும் அருகே காட்டும் அழகிய பாதை என்பது உண்மையே. எனினும் உலாவுக்காகவே போடப்பட்ட தண்டவாளத்தில், பழைய பாதைகள் தரும் காலத்தின் கனம் இல்லை.

ஜப்பானின் கிஃபு மாநிலத்துக் காமியோகா இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு. துத்தநாகச் சுரங்கத்துக்காக 1966இல் திறக்கப்பட்டு, பாதிக்கு மேல் சுரங்கவழிகளுக்குள்ளேயே ஓடிய அந்தப் பாதை, சரக்குப் போக்குவரத்தை இழந்து 2006இல் மூடப்பட்டது. உள்ளூர் மக்கள் சாதாரண மலைச் சைக்கிள்கள் இரண்டை இரும்புச் சட்டத்தால் பிணைத்துத் தண்டவாளத்தில் ஏற்றினர். சைக்கிளின் பின்சக்கரம் தண்டவாளத்தின் மேலேயே உருள, சட்டத்தின் சிறு சக்கரங்கள் வழிபிசகாமல் காக்கின்றன. பொருட்செலவு மிகக் குறைந்த இந்த ஏற்பாட்டுக்குத் தண்டவாள இணைப்பின் ஒலியையே வைத்துக் கத்தான் கோ என்று பெயரிட்டனர். அந்தச் சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் கீழ்ப்பகுதி மக்களுக்கு எலும்பை உருக்கும் இதாய்-இதாய் நோயைத் தந்தது என்பதும், அதே மலையின் அடியில்தான் சூப்பர் காமியோகாண்டே என்னும் நியூட்ரினோ ஆய்வகம் இயங்குகிறது என்பதும் அப்பாதையில் மிதிப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

தண்டவாளத்தை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஜெர்மனியின் கிளான் பள்ளத்தாக்கிலிருந்து கிடைக்கிறது. படைகளைப் பிரான்சின் எல்லைக்கு விரைந்து கொண்டுசெல்லும் நோக்கத்தோடு கட்டப்பட்டு 1904இல் முழுமை பெற்ற அந்தப் பாதையில், 1980களின் நடுவில் பயணிகள் இரயில் நின்றது. ஆல்டன்கிளான் முதல் ஸ்டவுடர்ன்ஹைம் வரை 40 கிலோமீட்டர் தூரம் 2000ஆம் ஆண்டு முதல் மிதிவண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. ஒற்றைத் தடமாகப் பயன்படுவதால் ஒரு நாள் ஒரு திசை, மறுநாள் எதிர்த்திசை என்று மாற்றி மாற்றி விடுகின்றனர். பாதையை அழிவிலிருந்து காத்து, என்றேனும் இரயிலுக்குத் திருப்பித்தர முடியும் நிலையில் வைத்திருக்க இந்தப் பயன்பாடு உதவியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. கொரியாவில் செய்த வண்டிகளைக் கொண்டு 2015இல் சரனாக் லேக் ஊரிலிருந்து அங்கே தொடங்கிய ஓட்டம் மக்களிடையே வரவேற்பைப் பெற்றும் நிலைக்கவில்லை. விரைவிலேயே வண்டிகள் ரோட் ஐலண்டு மாநிலத்துக்குச் சென்றுவிட்டன, நெடிய வழக்குகளுக்குப் பின் அம்மலையில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நடையருக்கும் சைக்கிளுக்குமான பாதையாக மாறியது. நடைபாதை நல்லதே, அதைக் குறைகூற இடமில்லை. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், நடைபாதையாக மாறிய தடத்தையும் வருங்கால இரயிலுக்கென ஒதுக்கி வைக்கவே வழிசெய்கிறது. ஆயினும் காகிதத்தில் ஒதுக்கிய தடத்துக்கும், பாலமும் கட்டையும் தண்டவாளமும் ஆண்டுதோறும் எண்ணெயும் கண்காணிப்பும் பெற்றுக் கிடக்கும் தடத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

இந்த ஏற்பாட்டின் வரம்பையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளருக்கு வாழ்வளித்த ஒரு தொழிலின் இடத்தைச் சில பத்து மிதிவண்டிகள் நிரப்பா. மூடிய சுரங்கப் பகுதிகளுக்கு உதவ 1995இல் தனிச்சட்டம் இயற்றிய கொரிய அரசு, அதன் பயனாக 2000ஆம் ஆண்டில் இதே ஜொங்சொன் வட்டத்தில் கங்வொன் லேண்ட் சூதாட்ட விடுதியைத் திறந்தது; கொரியக் குடிமக்களே சூதாட அனுமதிக்கப்பட்ட ஒரே விடுதி அது. வருவாயில் மிதிவண்டி அதன் அருகில்கூட நிற்க முடியாது. ஆனால் அந்த விடுதியைத் தேடி வருவோர் கடன்பட்டும் குடும்பம் இழந்தும் அழிந்த கதைகள் கொரியா முழுவதும் அறிந்தவை. குஜொல்ரிக்கு வந்தவர் எவரும் தம் உடைமையை இழந்து திரும்பியதில்லை. சிறிய வருவாய், ஊரார் சிலருக்கு வேலை, நிலையத்தடிக் கடைகளுக்கு வாடிக்கை, பாதைக்குப் பராமரிப்பு என்ற அளவில் அது தரும் நன்மை தூயது.

குஜொல்ரிப் பாதைக்கு இன்னும் ஒன்று செய்யப்பட வேண்டும். இறங்குவழியில் மலையின் வடிவையும் ஓடையின் நீரையும் கண்டு மகிழும் பயணி, அந்தத் தடம் எதற்காகப் போடப்பட்டது, அதன்மேல் ஏறிச் சென்ற கரியை யார் வெட்டினர் என்பதையும் அறிந்து செல்ல வேண்டும். 1980 ஏப்ரலில் இதே வட்டத்துச் சாபுக் ஊரில் கூலிக்காகவும் நிறுவனத்தோடு கைகோத்த தொழிற்சங்கத் தலைமைக்கு எதிராகவும் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்ததும், இராணுவச் சட்டத்தின் கீழ் அவர்கள் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானதும் இப்பாதையின் வரலாற்றோடு சேர்ந்தவை. கரித்தூள் நுரையீரலில் படிந்து மூச்சுமுட்டும் நோயோடு வாழ்ந்த முதியோர் பலர் அம்மலையூர்களிலேயே காலம் கழித்தனர். சுரங்கவழிச் சுவர்களில் வண்ண விளக்கு வைக்கும் செலவில் ஒரு சிறு பங்கு போதும், அவர்களின் படங்களையும் அவர்களே சொன்ன சொற்களையும் நிலையங்களில் வைப்பதற்கு. இத்தகைய பாதைகளை நடத்துவோர், கொரியாவிலாயினும் வேறெங்காயினும், விளக்குகளை அணைத்துவிட்டு அப்பணியை முதலில் செய்ய வேண்டும்.